வேலிக்காத்தானுக்குள் ஒரு கிணறு

அன்புள்ள சரவணா,

அன்றைக்கு நிலத்தில் எல்லார் முன்னாலும் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்பா முன்னாடியே சொல்லல?" நான் "நீ கேக்கல" என்றேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் சரியாகப் பேசவில்லை. அம்மாவிடம் பேசுகிறாய், போனை என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தாலும் ஷிஃப்ட் இருக்கிறது என்று காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுகிறாய். அந்தப் பதில் போதாது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் பேசினால் நடுவில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதைக் கேட்டால் எனக்குச் சொல்ல வந்தது மறந்து கோபம் மட்டும் மிஞ்சும். இதை வேறு யாராவது படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, அவன் தன் மாமனாரை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பன்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் நிலத்தைப் பற்றி. பென்னலூரில் நமக்கு மிச்சம் இருக்கிற அந்தத் துண்டு, நீ பிறந்ததிலிருந்து சீமைக்கருவேலம் மண்டிய வேலிக்காத்தான் காடாகத்தான் இருந்திருக்கிறது. உன் தாத்தா அதில் நெல் போட்டார், வேர்க்கடலை போட்டார். பிறகு தண்ணீர் வரும் கால்வாயின் குறுக்கே ஒரு கிடங்கின் மதில் வந்தது, பயிர் நின்றது, முள் வந்தது. நான் அதை எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். கல்யாணம் ஆனபின், தனியாக வாடகை வீட்டில் இருந்தது போதும், அங்கே வீடு கட்டப்போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முள்ளை எப்படி எடுப்பது என்று என்னிடம் கேட்பாய், நான் சொல்வேன், நாம் இருவரும் நின்று அந்த வேலையைச் செய்வோம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது என் தப்பு என்று நான் இப்போதும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

முள்ளை ஒழிக்க வழிகள் பல இருக்கின்றன. விறகுக்காரர்களை விட்டால் அவர்களே வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் குனிந்து வெட்ட மாட்டார்கள். முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஒரு புதரே எழுந்து நிற்கும். பக்கத்து நிலத்துக்காரர் தீ வைத்துப் பார்த்தார். மேலே கருகியது, கீழே ஒன்றும் ஆகவில்லை. கிடங்கின் காவலாளியிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். வெட்டிய கட்டையில் மருந்து தடவலாம் என்று நீ வீடியோ பார்த்துச் சொன்னாய். அது பலிக்கும். ஆனால் வெட்டிய ஈரம் காயும் முன் ஒவ்வொரு கட்டையாக உட்கார்ந்து தடவ வேண்டும். அத்தனை நேரம் முள் நம்மை உட்கார விடாது. நானும் முன்பு ஒரு தடவை ஆடு விட்டுப் பார்த்தேன். ஆடு புதரைத் தின்று நிலத்தைத் துப்புரவாக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு ஆட்டுக்காரரைப் பிடித்து, கோடை முழுக்க மந்தையை அங்கே அடைக்கச் சொன்னேன். ஆடுகள் வேலிக்காத்தான் இலையை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டன. காயை மட்டும் தேடித் தேடித் தின்றன. அந்த விதை அவற்றின் வயிற்றில் ஊறி, புழுக்கையோடு நிலம் முழுக்க விழுந்தது. மழை வந்ததும் யாரோ நாற்றுவிட்டது மாதிரி முளைத்து நின்றது. இந்தக் கதையை உன் அம்மா உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "யாரா இருந்தாலும் அப்பிடித்தான்மா நெனப்பாங்க" என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உன் மாமனார் நல்லவர். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வருமோ வராதோ. சுங்குவார்சத்திரம் பக்கம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்த சமயம் துணிந்து ஒரு பொக்லைன் வண்டி வாங்கினார். அது இரண்டானது, இரண்டு மூன்றானது. அவர் மேடு தட்டிக் கொடுத்த நிலத்தில்தான் நான் வேலை பார்த்த தொழிற்சாலை நிற்கிறது. நான் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்.சி. முடித்துவிட்டு அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் பெயிண்டின் கனத்தை அளந்துகொண்டிருந்தேன். எனக்குக் கீழே சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். அவர்களுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுபவச் சான்றிதழோடு போனார்கள். யார் யார் என்று எனக்கு இன்னும் வரிசையாகத் தெரியும். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. உன் மாமனாரின் வண்டிச் சீட்டில் நீ உட்கார்ந்து லீவரைப் பிடித்திருக்க, அவர் உன் தோளில் கை வைத்து நிற்கிற அந்தப் படத்தை நீ ஸ்டேட்டஸில் வைத்தாயே, அது. உன் ஸ்டேட்டஸை முதலில் பார்க்கிற ஆள் நான்தான். நீ பிறந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, நானும் நீயும் சேர்ந்து நிற்கிற ஒரு படம் அதில் வந்ததில்லை. நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது கணக்கும் ஆங்கில இலக்கணமும். அவற்றைக் கற்றுக்கொடுக்கிறபோது யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

அவரை நீ நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதை எனக்குச் சொன்னது நீ இல்லை, கூட்டுரோடு டீக்கடைக்காரர். "இன்னா சார், உங்க சம்பந்தியும் புள்ளையும் முள்ளுக்குள்ள பூந்து பாத்துக்கினு இருந்தாங்க, நீங்க வர்லியா?" என்று கேட்டார். எனக்கு வேலை இருந்தது என்றேன். வேலையை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது என்பது அவருக்கும் தெரியும். டீயைக் கொஞ்சம் அதிகமாக ஆற்றிக் கொடுத்தார்.

அன்று நம் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது நீயே பேச்சை எடுத்தாய். "மாமா சொல்றாருப்பா, மழை பெஞ்சு மண்ணு எளகி இருக்கறப்போ வண்டிய விட்டா வேரோட வந்துடுமாம். காஞ்ச மண்ணுல இழுத்தா நடுவுல முறிஞ்சு திரும்பத் துளிருமாம்."

"உங்க மாமா எந்தக் காலேஜ்ல படிச்சார்?" என்றேன்.

உன் அம்மா குழம்புக் கரண்டியைச் சத்தமாக வைத்தாள். "எங்க படிச்சாரோ, அவரு ஆடு மேய்க்கல" என்றாள். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தாய்.

அவர் சொன்னதுதான் சரி. மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் தண்டும் வேரும் சேரும் இடம் இருக்கிறது. அந்த மரத்தின் உயிர் அங்கேதான். அதை முழுசாகப் பிடுங்கினால் செத்தது, விட்டால் திரும்ப வரும். இது எனக்கும் தெரியும். நானே சொல்லியிருப்பேன். அவர் முந்திக்கொண்டார் என்பதற்காகவே நான் எதிர்க்க ஆரம்பித்தேன். மேல்மண் போய்விடும் என்றேன். பாம்பு எல்லாம் கலைந்து ஊருக்குள் வரும் என்றேன். கிடங்கின் மதில் விரிசல் விட்டால் வழக்குப் போடுவார்கள் என்றேன். ஆளை வைத்துக் கடப்பாரையால் தூர் எடுப்பதுதான் முறை என்றேன். நீ ஒவ்வொன்றையும் கொண்டுபோய் அவரிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி வந்தாய். மாமா இப்படிச் சொன்னார், மாமா அப்படிச் சொன்னார். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் வராமலே உட்கார்ந்திருந்தார்.

இத்தனை சொன்னவன் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த நிலத்தில் ஒரு கிணறு இருந்தது. தாத்தா காலத்துக் கிணறு தூர்ந்துவிட்டது என்று நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பாய். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். உண்மையில் அதை யாரும் தூர்க்கவில்லை. நம் வீட்டுக்கு அடித்தளம் போட்டபோது கல் பற்றாமல், பாசனம் நின்றுபோன கிணறுதானே என்று அதன் கைப்பிடிச் சுவரைப் பிரித்துக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு ஒரு கன்றுக்குட்டி விழுந்து செத்தது. தூர்ப்பதற்கு மண் அடிக்க வண்டி வேண்டும், ஆள் வேண்டும். உன் தாத்தா அதற்குப் பதிலாகப் பனை வாரைகளைக் குறுக்கே அடுக்கினார். மேலே முள்ளை வெட்டிப் போட்டார். அதற்கும் மேலே மண்ணைக் கொட்டினார். மறு முனையைப் பிடித்து வாரை தூக்கியவன் நான். அப்புறம் தூர்க்கலாம் என்றார். யாராவது கேட்டால் "தூர்த்தாச்சு" என்று சொல்லச் சொன்னார். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது நிஜமாகிவிட்டது. சுவர் இல்லை, அடையாளம் இல்லை, மேலே வேலிக்காத்தான் செழித்து மூடிவிட்டது. அது எந்த இடம் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

வண்டி வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கிணறு ஞாபகம் இருந்தது. மறக்கவில்லை, சரவணா. நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். 'அப்பா, உங்களுக்குத்தான் அந்த நிலம் தெரியும், வந்து காட்டுங்க' என்று நீ ஒரு தடவை சொல்லியிருந்தால், அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். உன் மாமனாருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது எனக்குப் பெரிய செல்வமாக இருந்தது. அதை நீ கேட்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றையும் எழுதுகிறேன். வண்டியின் முன் சக்கரம் லேசாக உள்ளே இறங்கி, வண்டி சாய்ந்து நிற்க, அத்தனை பேர் முன்னால் உன் மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நான் கற்பனை செய்து பார்த்தேன். பல தடவை. ஒவ்வொரு தடவையும் அது எனக்கு ருசித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நிலத்துக்கு வந்தபோது வண்டி நிலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆப்பரேட்டர் ஏழுமலை சக்கரத்துக்கு முன் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தான். நான் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடுகிற நேரத்தில், நீ தேங்காயை எடுத்து உன் மாமனார் கையில் கொடுத்தாய். நான் வந்ததை நீ பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி. உங்க நெலம், நீங்க ஒடைங்க."

"பரவால்ல. உங்க கையிலதானே குடுத்தான். நீங்களே உடைங்க."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு உடைத்தார். தேங்காய் சரி பாதியாகப் பிளந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏழுமலை ஒரு மூடியைக் கீறி, சில்லு ஒன்றை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினான். "சாப்டுங்க சார்." உன் வயதுதான் அவனுக்கு. போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்தது என்று உன் மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். சில்லை என் கையில் வைத்துவிட்டு, படியில் கால் வைத்து ஏறிப் போய்ச் சீட்டில் உட்கார்ந்தான். நான் இத்தனை நாளும் கற்பனை செய்து பார்த்த வண்டியில் யாருமே உட்கார்ந்திருந்ததில்லை. அது தானாக ஓடிப் போய்ச் சாயும். ஓட்டுவதற்கு ஒருவன் வேண்டும் என்பதை, கையில் அந்தத் தேங்காய்ச் சில்லை வைத்துக்கொண்டு நிற்கிறபோதுதான் பார்த்தேன். வண்டி கிளம்பியது. நான் போய் முன்னால் நின்றேன்.

"சார், நவுந்துக்குங்க சார். ஈர மண்ணு, வழுக்கும்" என்றான் ஏழுமலை.

"உள்ள கிணறு இருக்கு."

நீ ஓடி வந்தாய். "கிணறுதான் தாத்தா காலத்துலயே தூர்த்தாச்சே. நீங்கதானேப்பா சொல்லுவீங்க."

"தூர்க்கல. மூடினோம்."

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். "மொதல்ல மேல்மண்ணுன்னீங்க. அப்புறம் பாம்புன்னீங்க. அப்புறம் கேஸ் போடுவான்னீங்க. இப்ப கிணறா? மாமா தன்னோட வேலையெல்லாம் விட்டுட்டு வண்டி கொண்டாந்திருக்காரு. போதும்பா. வாங்க, இப்படி ஓரமா வந்துடுங்க." என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய்.

நீ நம்பாததில் நியாயம் இருக்கிறது. பொய்யான காரணங்களாகச் சேர்த்துச் சொல்லி, மெய்யானதைச் சொல்ல வந்தபோது எனக்கு மதிப்பு மிச்சமில்லாமல் செய்துகொண்டது நான்தான். ஆனால் என் கையைப் பிடித்து நீ இழுத்த அந்த இழுப்பு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.

உன் மாமனார் கையைத் தூக்கினார். "ஏழுமல, இஞ்சினு ஆஃப் பண்ணு." பிறகு என்னிடம் வந்தார். "எங்க கீது சம்பந்தி?"

நான் காட்டினேன். மற்ற முள்ளைவிட அந்த இடத்துக் கூட்டம் உயர்ந்து, கரும்பச்சையாக இருந்தது. அடியில் ஈரம்.

"மேல இன்னா போட்டு மூடினீங்க?"

"பனை வாரை. அதுக்கு மேல முள்ளும் மண்ணும்."

"எப்போ?"

"இவன் பொறக்கறதுக்கு முன்னாடி."

"அப்போ வாரையெல்லாம் உளுத்துப் பஞ்சா பூட்டிருக்கும்" என்றார். ஒரு கேள்விகூடச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வண்டியை வேறு பக்கமாகச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லி, தூரத்தில் நிறுத்தி, அதன் கையை முழுசாக நீட்டிப் பக்கெட்டால் அந்த இடத்தை மெதுவாக அழுத்தச் சொன்னார். இரண்டாவது அழுத்தலில் முள், மண், வாரை எல்லாம் சேர்ந்து உள்ளே போயின. சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது. வட்டமாக, கறுப்பாக, வண்டியை அப்படியே விழுங்குகிற அளவுக்கு அது திறந்து கிடந்தது. ஏழுமலை இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

அப்போதுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் அந்தப் பதிலைச் சொன்னேன். ஏழுமலை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். உன்னைவிட அவனுக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல வேண்டும். மறுவாரம் அவன் வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னேன். "வுடுங்க சார், சொல்லிட்டீங்கல்ல" என்றான். அவன் மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் செய்ததுதான் சரி.

கிணற்றை என்ன செய்வது என்று உன் மாமனார் என்னிடம்தான் கேட்டார். தூர்த்துவிடுங்கள் என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் கல்லும் மண்ணும் அடித்து நிஜமாகவே தூர்த்தார்கள். முள்ளும் வேரோடு வந்தது, அவர் சொன்ன மாதிரியே. கிளம்பும்போது உன்னிடம், "உங்கப்பா சொன்னதால பொழைச்சோம்" என்றார். நான் ஏன் முன்னாடி சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்தும் கேட்காத மனிதரை நான் என்ன செய்வது? என்னுடைய பிள்ளை என்னை நம்பவில்லை, நான் வெறுக்க நினைக்கிற ஆள் நம்பினார். அவர்மீது இருந்த வருத்தத்தைக்கூட முழுசாக வைத்துக்கொள்ள அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை. அதற்காகவும் அவர்மீது எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றால், உன்னை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவோடு பங்கு போட்டிருக்கிறேன், உன் வேலையோடு, உன் மனைவியோடும். அவளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவளிடம் சொல். இன்னொரு தகப்பனோடுதான் முடியவில்லை. நாளைக்கு நீ யார்மீதாவது இப்படி எரிந்தால், எரிந்துகொள், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியாது. ஆனால் அடுத்தவன் காலடியில் பள்ளம் இருந்தால், அவன் கேட்கிறானா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. முதல் நாளே சொல்லிவிட்டுப் பிறகு எரி. எனக்கு இந்த வயதில் தெரிந்தது இவ்வளவுதான்.

நேற்று நிலத்துக்குப் போயிருந்தேன். இரண்டு மழை பெய்திருக்கிறது. வண்டி மரத்தைத்தான் எடுத்தது. விதை மண்ணுக்குள்ளேயே இருக்கிறது, ஆடுகள் போட்டது உட்பட. நிலம் முழுக்கச் சின்னச் சின்னதாகத் தலை காட்டியிருக்கிறது. இப்போது பிடுங்கினால் இரண்டு விரலுக்கு வரும். அடுத்த வருஷம் கடப்பாரை கேட்கும். இதற்கு வண்டி உதவாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது குனிந்து நடந்து கையால் எடுக்க வேண்டும், வருஷக்கணக்காக. இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓ.டி. இல்லை என்று அம்மா சொன்னாள். காலையில் வெயில் ஏறுவதற்குள் வா. நான் கேட்டுவிட்டேன், இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உன் மாமனாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வருவாய் என்று தெரியும். அவரும் வரட்டும். உனக்கும் எனக்கும் தோல் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். அவருக்கு வாங்கவில்லை.

இப்படிக்கு,
அப்பா